வெயிலும் வீடும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலுக்குச் சித்திரைத் திங்களில் சென்றோர், நண்பகற் பொழுதில் அங்குப் பெறும் பட்டறிவை எளிதில் மறவார். 217 அடி உயர்ந்து நிற்கும் கிழக்கு இராசகோபுரத்தைக் கடந்து திறந்த வெளியில் அடியெடுத்து வைத்தவுடன், வெயிலில் காய்ந்து கிடக்கும் கற்றளம் வெறுங்காலைச் சுடும். முதியோர் முதல் சிறுவர் வரை அனைவரும் ஓட்டமும் நடையுமாய் நிழலை நாடி விரைவர். ஆயின், மண்டபத்தின் நிழலிற் புகுந்ததும் அதே கல் அவர்தம் பாதங்களுக்குக் குளிர்ச்சி தரும். வெளியிற் கிடப்பதும் கருங்கல்லே. உள்ளே பாவியிருப்பதும் கருங்கல்லே. ஒன்று சுடுவதும் மற்றொன்று குளிர்வதும் எதனால்?

மண்டபத்தின் தடித்த கூரை வெயிலைத் தான் ஏற்றுக்கொண்டு தரையைக் காக்கின்றது. அக்கனத்தைக் கடந்து வெப்பம் கீழிறங்க நெடுநேரம் ஆகின்றது. தூண்களின் இடையே காற்றும் உலவுகின்றது. மேலும், கோயில்கள் பலவற்றில் அடியார் நடந்து செல்லும் வழியில் வெள்ளை வண்ணம் பூசி வைத்திருத்தலை இக்காலத்தில் காணலாம். அவ்வெள்ளைப் பாதையில் நடப்பவர் காலைச் சூடு அவ்வளவாகத் தாக்குவதில்லை; தன்மீது படும் ஒளியின் பெரும்பகுதியை வெண்மை திருப்பி அனுப்பிவிடுகின்றது. நிழல், கனம், காற்றோட்டம், வெண்மை ஆகிய நான்கும் வெயிலை வெல்லும் கருவிகள் என்பதைப் பாதங்களே நமக்குக் கற்பித்துவிடுகின்றன. நாம் குடியிருக்கும் வீட்டின் தரத்தை உறுதி செய்வனவும் இந்நான்கே ஆகும்.

வீட்டுக்குத் தரம் குறிப்பது எங்ஙனம் என அறியுமுன், வீட்டிலுள்ள பொருள்களுக்குத் தரம் குறிக்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நலம். மின்பொருள் விற்கும் கடையில் மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றின்மீது நட்சத்திரங்கள் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி 2002ஆம் ஆண்டில் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. அப்பணியகமே 2006ஆம் ஆண்டில் இந்நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. ஒரே வேலையைக் குறைந்த மின்சாரத்தில் செய்யும் பொருளுக்கு நட்சத்திரங்கள் மிகும். ஐந்து நட்சத்திரம் பெற்றது மிக்க திறனுடையது. கூரையில் தொங்கும் மின்விசிறிகளுக்கு இச்சீட்டு 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஆயிரம் வாட் ஆற்றலை ஒரு மணி நேரம் செலவிட்டால் அதனை ஒரு யூனிட் என்பர். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். அது நாள்தோறும் 12 மணி நேரம் சுழன்றால் முப்பது நாளில் 27 யூனிட் செலவாகும். புதிய வகையில் 30 வாட் கொள்ளும் விசிறிகள் உள்ளன. அவை அதே காலத்திற்கு 11 யூனிட்டுக்கும் குறைவாகவே செலவிடும். காற்று ஒன்றே, செலவோ பாதிக்கும் குறைவு.

எனினும், இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மின்விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. அது காற்றை விரைந்து வீசச் செய்து, நம் உடலின் வியர்வையை உலர்த்துகின்றது. அதனாலேயே நமக்குக் குளிர்ச்சி தோன்றுகின்றது. அறையின் கூரையே அனலைக் கக்குமாயின், ஐந்து நட்சத்திர விசிறியும் அவ்வனலையே வாரி இறைக்கும். ஆதலின், விசிறிக்குத் தரம் குறித்தால் மட்டும் போதுமா? அது சுழலும் வீட்டுக்கும் தரம் குறித்தல் வேண்டும் அன்றோ?

இவ்வெண்ணம் பிற நாடுகளில் முன்னரே செயல்வடிவம் பெற்றது. பிரித்தானியாவில் ஒரு வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அவ்வீட்டின் ஆற்றல் தரச்சான்றைக் காட்டுதல் வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஏழு எழுத்துகளால் அங்குத் தரம் குறிப்பர். முதலெழுத்துப் பெற்ற வீடு சிறந்தது, ஏழாம் எழுத்துப் பெற்றது கடைப்பட்டது. அது குளிர்நாடு. ஆதலின், வீட்டினுள் மூட்டிய வெப்பம் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் எவ்வளவு வெளியேறிவிடுகின்றது என்பதே அங்குத் தலையாய வினா. நம் நாட்டிலோ வெளியிலுள்ள வெப்பம் எவ்வளவு உள்ளே நுழைகின்றது என்று வினவுதல் வேண்டும்.

இந்தியாவில் 2018ஆம் ஆண்டு திசம்பர் 14ஆம் நாளில், குடியிருப்பு வீடுகளுக்கென ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு வெளியிடப்பட்டது. சுவர், கூரை, சாளரம் ஆகிய வீட்டின் புறவுடலைப் பற்றி அஃது அளவுகள் கூறுகின்றது. வீடுகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. ஓராண்டில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எத்தனை யூனிட் தேவைப்படும் என்று கணக்கிட்டு, அவ்வெண் குறையக் குறைய நட்சத்திரங்களை மிகுத்து வழங்குவர்.

இவ்விதிகள் எதனை நோக்கின என்பதைத் திருவண்ணாமலையின் நிலத்தில் வைத்தே காண்போம். முதலாவது, கூரை. இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஆதலின், ஏப்ரல் இறுதி வாரத்தை ஒட்டியும் ஆகத்து மூன்றாம் வாரத்தை ஒட்டியும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான். அந்நாள்களில் நட்டு வைத்த கோலின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இதனை மாணவர் தாமே பள்ளி வெளியில் கோல் நட்டுக் காணலாம். கதிரவன் உச்சியில் நிற்குங்கால் அவனது வெம்மையை முழுதும் ஏற்பது கூரையே.

கூரையின் வழியே வெப்பம் எவ்வளவு கடக்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. கூரையின் மேற்புறத்திற்கும் கீழ்ப்புறத்திற்கும் இடையே ஒரு பாகை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கின்றது என்பதே அவ்வளவு. 2018ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு இவ்வளவு 1.2 என்னும் எண்ணை விஞ்சலாகாது என்றது. மேற்பூச்சோ தட்டோடோ இல்லாத வெறுங் கான்கிரீட் தளத்திற்கோ இது மூன்றுக்கும் மிகுதி. பகலெல்லாம் வெப்பத்தை உண்ட அத்தளம், கதிரவன் மறைந்த பின்னரும் நெடுநேரம் அதனை அறைக்குள் உமிழ்ந்துகொண்டே இருக்கும். வெளியே இரவுக் காற்றுக் குளிர்ந்திருக்க, உள்ளே உறங்குவோர் மட்டும் வியர்த்துப் புரளுவது இதனாலேதான்.

இரண்டாவது, சுவர். மலையை வலம் வரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் எண்டிசைக்கும் எட்டு இலிங்கங்கள் அமைந்துள்ளன. கிழக்கே இந்திரலிங்கம், தெற்கே யமலிங்கம், மேற்கே வருணலிங்கம், வடக்கே குபேரலிங்கம் என அவை நான்கு பெருந்திசைகளையும் நமக்குக் காட்டி நிற்கின்றன. வீடு கட்டுவோரும் இத்திசைகளை மறத்தலாகாது. தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் படும் உயர்ந்த வெயிலைக் கூரையின் சிறு நீட்சியே தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்து வருதலின், கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் அந்நீட்சி காவாது. அவற்றுள்ளும் மேற்குச் சுவரின் நிலை இரங்கத்தக்கது. ஊரெல்லாம் காய்ந்திருக்கும் பிற்பகலில் அது வெயிலை நேரே ஏற்கின்றது. அப்பக்கத்தில் ஒரு வேம்போ புங்கோ நிற்குமாயின், அதனினும் சிறந்த காப்பு வேறில்லை.

நம் முன்னோர் திசையறிந்தே மனை வகுத்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனைக்குத் திசை குறிக்க இரு கோல்களை நட்டு, நண்பகலில் அவற்றின் நிழலை நோக்கிய நூல்வல்லாரைப் பற்றிக் கூறுகின்றது.

மூன்றாவது, சாளரம். பழந்தமிழில் சாளரத்திற்குக் ‘காலதர்’ என்று ஒரு பெயருண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழியே காலதர். தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதி போன்ற வெம்மையும் ஈரமும் மிக்க நிலங்களுக்கு, திறக்கத்தக்க சாளரப் பரப்புத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும் என அவ்விதித்தொகுப்பு வரையறுத்தது. 12 அடிக்கு 10 அடி கொண்ட அறையின் தரைப்பரப்பு 120 சதுர அடி. அதில் ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. நான்கடிக்கு இரண்டரை அடி கொண்ட சாளரங்கள் இரண்டு இருப்பின் அவ்வளவு நிறைவுறும். அவை எதிரெதிரே அமையின், ஒன்றன் வழியே புகுந்த காற்று மற்றொன்றன் வழியே வெளியேறும். நகர்த்தித் திறக்கும் கண்ணாடிக் கதவாயின், பாதிப்பரப்பே திறக்கும். ஆதலின், பாதியையே கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

இனி, நம் ஊர்ப்புறத்து வீடுகளை இவ்வளவைகளால் நோக்குவோம். மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த வீட்டில், ஓலையும் புல்லும் வெப்பத்தை எளிதில் கடத்தா. தடித்த சுவரும் பகல் வெப்பத்தை மெல்லவே உள்ளே விடும். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டிலோ ஓடுகளின் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே வெளியேறும். செல்வர் இல்லங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்னும் தளம் அமைத்தனர். மரச்சட்டங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து இறுக்கி, தட்டோடு பாவுவர். திண்ணையும் தாழ்வாரமும் சுவருக்குக் குடை பிடித்தன. முற்றம் காற்றைப் பரப்பிற்று.

இவ்வாறு கூறுதலால், கூரை வீட்டு வாழ்வே இனியது என்று எண்ணிவிடலாகாது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையும், ஒரு பொறியில் வெந்துவிடும் ஓலையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேயும் செலவும் ஏழையின் நெஞ்சை வாட்டியவை. ஆதலின், குடிசைக்கு மாறாக உறுதியான வீடு தருதல் அரசின் கடமையாயிற்று. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம், ஊரகத்து ஏழையர்க்கு 300 சதுர அடி வீட்டையும், கதிரொளியால் எரியும் ஐந்து விளக்குகளையும் வழங்கிற்று. 2024ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 360 சதுர அடி வீட்டை வகுத்தது. இவ்வீடுகள் மழைக்கும் தீக்கும் அஞ்சாதவை. குடிசையினின்று இவற்றிற்குக் குடிபுகுந்த நாள், அக்குடும்பத்திற்குப் பெருமித நாளே ஆகும். ஆயினும், மழையை வென்ற கான்கிரீட் தளம் வெயிலுக்குத் தோற்றுவிடுகின்றது.

இங்கேதான் நாம் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தி ஒன்று உள்ளது. 2018ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய மனைகளில் எழும் கட்டடங்களுக்கென்றே இயற்றப்பட்டது. 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்கும் சற்று மிகுதி. செங்கத்திலும் போளூரிலும் இரண்டு மூன்று சென்ட்டு நிலத்தில் எழும் சிறு வீட்டை அது தீண்டவில்லை. வெயிலால் மிகுதியும் வருந்துவோர் யார்? குளிர்பதனக் கருவி பொருத்தியவர் அல்லர். ஒற்றை அறையில் வாழும் முதியோரும் கைக்குழந்தையும், ஆரணியில் வீட்டினுள்ளேயே தறிக்குழியில் அமர்ந்து பகலெல்லாம் பட்டு நெய்யும் நெசவாளரும், தேர்வுக்காலத்தில் இரவு கண்விழித்துப் படிக்கும் மாணவருமே ஆவர். தரக்குறியீடு எவர்க்கு இன்றியமையாததோ, அவர்தம் வாயிலை அஃது இன்னும் எட்டவில்லை.

மற்றொன்றும் உண்டு. யூனிட் கணக்கை மட்டும் நோக்கின் நாம் பிழைபட நேரும். இரு வீடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் மின்செலவு மிகக் குறைவு. ஒன்றில் மரநிழலும் காற்றோட்டமும் இருத்தலின் விசிறி மிகுதியும் தேவைப்படவில்லை. மற்றொன்றிலோ, கட்டணத்திற்கு அஞ்சி விசிறியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தினர் தெருவில் பாய் விரித்துக் கிடக்கின்றனர். யூனிட் கணக்கு இரண்டையும் ஒன்றெனவே காட்டும். ஆயின், முன்னது திறம், பின்னது துயரம். குறைவாகச் செலவிடுதல் வேறு. குறைந்த செலவில் நலமாக வாழ்தல் வேறு. ஆதலின், ஒரு வீட்டை மதிப்பிடுவோர் மின்கட்டணத்தை மட்டும் நோக்காது, அவ்வீட்டில் உறங்குவோரின் உறக்கத்தையும் நோக்குதல் வேண்டும்.

குறியீடு வரும்வரை காத்திராமல் நாமே செய்யத்தக்கன பல உள. செலவில் சிறியது சுண்ணாம்பு. கோடை தொடங்குமுன் மொட்டைமாடியைப் பெருக்கிக் கழுவி, வெண்சுண்ணாம்பை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டால், கோயில் நடைபாதையின் நன்மை நம் கூரைக்கும் கிட்டும். மழையில் அது கரைந்துபோதலின், ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டில் கூரைகளைக் குளிர்விப்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. மாடியின்மேல் கீற்றுப் பந்தல் இடுதலும், தட்டோடு பாவுதலும், மேற்கே மரம் வளர்த்தலும் அடுத்த படிகள். இவற்றின் பின்னரே நட்சத்திர விசிறியும் எல்.இ.டி. விளக்கும் முழுப்பயன் தரும்.

புதிதாக வீடு கட்டுவோர்க்கு வழிகாட்டிகளும் உளர். இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், சுவரின் நடுவே வெற்றிடம் அமையுமாறு செங்கற்களை நிறுத்திக் கட்டும் முறையைப் பரப்பினார். அம்முறையில் செங்கல் குறைவாகச் செலவாகும். இடையிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் முறையையும் அவர் கையாண்டார். நம் அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்தில் அமைந்த ஆரோவில்லில், மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கற்களால் வீடு கட்டக் கற்பிக்கின்றனர். சூளைக்கு விறகு தேவைப்படாமையால், வீடு எழுமுன்னரே ஆற்றல் மிச்சமாகின்றது.

மாணவர்களே! இன்று மாலை நும் வீட்டை நீவிரே ஆராய்ந்து பாருங்கள். மேற்குச் சுவரின் உட்புறத்தைக் கையால் தொட்டு நோக்குங்கள். தரையையும் சாளரத்தையும் அளந்து, ஆறில் ஒரு பங்கு உண்டா எனக் கணக்கிடுங்கள். கூரையின் நிறம் யாது, அதன்மேல் நிழல் விழுகின்றதா எனக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பே நும் வீட்டின் முதல் தரச்சான்று.

திருவண்ணாமலையை நெருப்பின் தலம் என்று போற்றுவர். கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் ஒளிரும் தீபத்தை மக்கள் கைகூப்பி வணங்குகின்றனர். அம்மலையின் அடிவாரத்தில் வாழும் ஏழையின் கூரையும் கோடையில் தீயாய்க் காயலாகாது. குளிர்ந்த வீடு செல்வர்க்கு மட்டும் உரிய இன்பம் அன்று. உழைத்துக் களைத்து உறங்கும் ஒவ்வொருவர்க்கும் உரிய நலம் ஆகும். அதனை அறிவாலும் சிறு முயற்சியாலும் ஆக்கித் தருதல் கற்றோர் கடன்.